முதலில் காது, பிறகு கை

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



விழாக் குழுவினர் போன் செய்து, "பத்து வருஷத்துக்கு மேலே ஃபேக்டரியிலே இருக்கீங்க, பசங்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது பேசுங்க சார்" என்றார்கள். உற்பத்தித் திறன், தர நிர்ணயம் என்று ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதைப் பேச எனக்கு முன்னால் ஒருவர் வந்துவிட்டார், பின்னால் இருவர் காத்திருக்கிறார்கள். நான் வேறு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். வெறும் எட்டு விநாடி நீளமுள்ள ஒரு கிட்டார் துண்டு. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதம்தான் இன்றைய பேச்சு.

பின் வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். எனக்குக் கேட்கிறது. கேட்கிறதே என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ப்ளூஸ் என்றால் என்ன?

ப்ளூஸ் அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. அதில் மிஸிஸிப்பி மாநிலத்துக்குத் தனி இடம் உண்டு. அதன் கட்டுமானம் மிக எளிமையானது. பெரும்பாலான பாட்டு பன்னிரண்டு தாளக் கட்டங்களில் அடங்கிவிடும். ஒரு கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை. நாலு நாலு கட்டமாக மூன்று வரி. முதல் வரியைப் பாடுவார்கள், அதையே இன்னொரு முறை பாடுவார்கள், மூன்றாவது வரியில் அதற்கு ஒரு பதில் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியிலும் குரல் ஏறக்குறைய முதல் இரண்டு கட்டத்தில் முடிந்துவிடும். மிச்சமுள்ள இரண்டு கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் கிட்டார் பதில் சொல்லும். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுகிறாரே, அந்த மாதிரி. அப்படிச் சொல்கிற சின்னப் பதிலுக்குத்தான் "லிக்" என்று பெயர். ஏழெட்டு சுரம்தான் இருக்கும். ஆனால் பாட்டின் உயிர் பல சமயம் அதில்தான் இருக்கும்.

நான் கற்றது ஆல்பர்ட் கிங் என்பவருடைய பாணியில் அமைந்த ஒரு லிக். நம் மாணவர்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மிஸிஸிப்பியில் இண்டியனோலா என்ற ஊரில் 1923-ல் பிறந்தவர். சின்ன வயதில் பருத்தி எடுத்தவர். வளர்ந்தபின் கட்டுமான வேலையில் புல்டோசர் ஓட்டியவர். ஆறடிக்கு மேல் உயரம், பெரிய கை. "பார்ன் அண்டர் எ பேட் சைன்" என்ற அவருடைய புகழ்பெற்ற இசைத்தட்டு 1967-ல் மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் கம்பெனி வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 44. முப்பதைத் தாண்டியதும் "இனிமே நமக்கு எங்கே" என்று பெருமூச்சு விடுகிற என் வகுப்புத் தோழர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். 1992-ல் அவர் காலமானார்.

அதே 1967-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த எரிக் கிளாப்டன் "ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ" என்ற பாட்டில் ஆல்பர்ட் கிங்கின் வாசிப்பை ஏறக்குறைய அப்படியே எடுத்து வாசித்தார். பின்னால் ஸ்டீவி ரே வான் என்ற டெக்ஸஸ் இளைஞரும் அவரிடமிருந்துதான் நிறைய எடுத்துக்கொண்டார். அந்த இளைஞரும் பெரியவரும் 1983 டிசம்பரில் கனடாவில் ஒரு டி.வி. நிலையத்தில் உட்கார்ந்து சேர்ந்தே வாசித்தார்கள். அந்தப் பதிவு 1999-ல் இசைத்தட்டாக வந்தது. குருவும் சிஷ்யனும் ஒரே லிக்கை மாற்றி மாற்றி வாசிப்பதை அதில் கேட்கலாம்.

ஆல்பர்ட் கிங் இடது கைக்காரர். வலது கைக்காரருக்குச் செய்த கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார், தந்திகளையும் மாற்றிக் கட்டவில்லை. அதனால் நமக்குக் கீழே இருக்கிற மெல்லிய தந்தி அவருக்கு மேலே இருந்தது. நாமெல்லாம் தந்தியை மேல்நோக்கித் தள்ளுகிறோம், அவர் கீழ்நோக்கி இழுத்தார். கை முழுவதையும் மூடி இழுக்கிற அந்த பலம் தள்ளுவதில் வராது. தந்திகளையும் வழக்கத்தைவிடத் தாழ்வாகவே சுருதி கூட்டியிருந்தார். அதனால்தான் மற்றவர்களுக்கு எட்டாத தூரத்துக்கு அவரால் சுரத்தை இழுக்க முடிந்தது.

எட்டு விநாடிக்குள் என்ன இருக்கிறது?

இப்போது அந்தத் துண்டைச் சொல்கிறேன். கிட்டார் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிக்கு ஃபிரெட் என்று பெயர். ஒரு ஃபிரெட் தாண்டினால் அரைச் சுரம் ஏறும்.

ஏ என்ற சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், ப்ளூஸில் அதிகம் புழங்குகிற ஐந்து சுரங்கள் நம்ம சுத்த தன்யாசியின் சுரங்களேதான்: ச, க, ம, ப, நி. முதல் தந்தியில் எட்டாவது ஃபிரெட்டில் காந்தாரம். அதை லேசாக ஒரு முடி அளவு ஏற்ற வேண்டும். அடுத்தது இரண்டாவது தந்தியில் பத்தாவது ஃபிரெட்டில் ஷட்ஜம். பிறகு அதே ஷட்ஜத்தை மீட்டி, விரலை எடுக்காமல், தந்தியைத் தள்ளியே காந்தாரம் வரை கொண்டுபோக வேண்டும். மூன்று ஃபிரெட் தூரம். அங்கேயே நிறுத்த வேண்டும். மறுபடி ஒருமுறை மீட்டி, மெதுவாக இறக்கிக்கொண்டு ஷட்ஜத்துக்கு வர வேண்டும். நிஷாதத்தைத் தொட்டு, மூன்றாவது தந்தியில் ஒன்பதாவது ஃபிரெட்டில் பஞ்சமத்தில் முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

(இங்கே கிட்டாரில் வாசித்துக் காட்டினேன்.)

"இதுக்கா சார் ஏழு மாசம்?" என்று அந்தத் தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம், நாம் எல்லாம் இன்ஜினியர்கள்தானே.

அந்த ஷட்ஜம் 440 ஹெர்ட்ஸ். போய்ச் சேர வேண்டிய காந்தாரம் 523 ஹெர்ட்ஸ். முதலாம் ஆண்டு பௌதிகத்தில் படித்தது நினைவிருக்கும்: தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மூன்று அரைச் சுரம் ஏறினால் அதிர்வெண் 1.19 மடங்கு. அதை வர்க்கப்படுத்தினால் இழுவிசை 1.41 மடங்கு, அதாவது சரியாக ரூட் டூ! சாதாரணக் கிட்டாரில் அந்தத் தந்தி சுமார் 7 கிலோ இழுவிசையில் நிற்கிறது. அது கிட்டத்தட்ட 10 கிலோ ஆக வேண்டும். அதைச் செய்வது மோட்டார் அல்ல, மோதிர விரலின் நுனி.

பலம் மட்டும் பிரச்சினை என்றால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். மோதிர விரலுக்குப் பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் துணைக்கு வைத்து, கட்டை விரலைக் கழுத்தின்மேல் கொக்கி மாதிரி போட்டு, கதவுக் குமிழைத் திருப்புவதுபோல மணிக்கட்டைத் திருப்பினால் வந்துவிடும். விரல் மடங்கியே இருக்கும், வேலை செய்வது முன்கைதான். உண்மையான பிரச்சினை எங்கே இருக்கிறது என்றால், பியானோவில் காந்தாரத்துக்கு ஒரு கட்டை இருக்கிறது, அழுத்தினால் அதே சுரம்தான் வரும். தள்ளுகிற தந்திக்கு அப்படிக் கட்டையும் கிடையாது, கோடும் கிடையாது. "போதும், வந்தாச்சு" என்று சொல்ல வேண்டியது காது ஒன்றுதான்.

காதின் கதை

இப்போது காதைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கம்ப்ரஸர்களும் பிரஸ்களும் ஓடுகிற ஒரு ஷாப். 34 வயதில் வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் காது சோதனையும் செய்தார்கள். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பிறகு டாக்டர் அம்மா ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறியது. இயந்திர இரைச்சலில் இருப்பவர்களின் காதில் இந்தப் பள்ளம் அடிக்கடி காணப்படுகிற அடையாளமாம். உட்செவியில் இருக்கிற நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. "போனது போனதுதான் சார். இருக்கிறதைக் காப்பாத்திக்குங்க" என்றார்.

நாலு பேர் சேர்ந்து பேசுகிற இடத்தில் என் மகள் சொல்கிற சொல்லின் பாதி எனக்கு வராமல் போனதற்கு அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. "ச"வும் "ஸ"வும் உயர்ந்த அதிர்வெண்ணில் வாழ்கிற எழுத்துகள். முதலில் போவது அவைதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. இன்னும் 24 வருஷம் சர்வீஸ் இருக்கிறது. பள்ளம் இன்னும் அகலமானால்?

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். கிட்டாரின் கடைசி ஃபிரெட்டில் வருகிற சுரம்கூட அடிப்படையில் சுமார் 1,300 ஹெர்ட்ஸ்தான். என் பள்ளம் இருப்பது 4,000-ல். ஆக, எனக்கு மிச்சமிருக்கிற காது இந்த வாத்தியத்துக்குப் போதும். இருக்கிற காதை முழுசாகப் பயன்படுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். ஹாஸ்டல் நாளில் தட்டிய கிட்டார் பரண்மேல் இருந்தது. தூசு தட்டிப் புதுத் தந்தி போட்டேன். காதுக்கு அதிக வேலை வைக்கிற லிக்காகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

அம்மா சொன்ன பாடம்

முதல் மூன்று வாரம் சுரம் 523-ஐத் தொடவில்லை. போனில் இருக்கிற டியூனரைப் பார்த்தால் முள் 500-க்குப் பக்கத்திலேயே நின்றது. ஒருநாள் அம்மா வந்து நின்றார். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பல வருஷம் வீணை கற்றவர்.

"என்னடா இது, தந்தியைப் பக்கவாட்டிலே இழுக்கறே? வீணையிலேயும் இதானே பண்ணுவோம்."

"அதேதாம்மா. காந்தாரம் வர மாட்டேங்குது."

"காந்தாரத்தைப் பாடு, கேட்போம்."

"நான் பாடறதுக்கா வாசிக்கறேன்?"

"வாயிலே வராதது விரல்லே எப்படிடா வரும்? அந்த மெஷினை அந்தப் பக்கம் வை. முதல்ல பாடு."

வீணைக்காரர்கள் மெழுகில் பதித்த மெட்டின்மேல் தந்தியை இழுத்துத்தான் கமகம் கொண்டுவருகிறார்கள். அங்கேயும் போய்ச் சேர வேண்டிய இடத்தை விரலுக்குச் சொல்வது காதுதான். அதனால்தான் வாத்தியம் கற்கிறவர்களையும் பாடச் சொல்கிறார்கள். மிஸிஸிப்பிக்கும் தஞ்சாவூருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமலே இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதன்பிறகு என் பயிற்சி முறையை மாற்றி அமைத்தேன். தினம் பதினைந்து நிமிஷம்தான், அதற்கு மேல் விரல் நுனி தாங்காது. அந்த முறையைச் சொல்கிறேன். கிட்டார் பழகுகிற மாணவர்கள் யாராவது இருந்தால் உதவும்.

முதலில், அதே தந்தியில் பதின்மூன்றாவது ஃபிரெட்டில் காந்தாரத்தை நேராக வாசிப்பது. அதை வாயால் பாடுவது. பாட்டு நிற்கும்போதே பத்தாவது ஃபிரெட்டுக்கு வந்து தந்தியைத் தள்ளி, பாடுகிற சுரத்தோடு சேர்ப்பது. சேர்ந்த பிறகுதான் டியூனரைப் பார்ப்பது. பரீட்சை எழுதிய பிறகு விடையைச் சரிபார்ப்பது மாதிரி. இரண்டாவது மாதக் கடைசியில் பத்துக்கு எட்டு முறை சரியாக விழுந்தது.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. மீட்டாமலே, சத்தமில்லாமல் தந்தியைத் தள்ளி வைத்துவிட்டு, பிறகு மீட்ட வேண்டும். அங்கே காதுக்கு வேலை கிடையாது, ஏனென்றால் இன்னும் சத்தமே பிறக்கவில்லை. மனசுக்குள் சுரம் கேட்டுக்கொண்டிருந்தால்தான் கை சரியான இடத்தில் நிற்கும். இதற்கு இரண்டு மாதம்.

தள்ளும்போது பக்கத்துத் தந்தியும் விரலில் மாட்டி இரையும். ஆள்காட்டி விரல் நுனியால் அதைத் தொட்டு வாயை மூட வேண்டும். நாலு எண்ணிக்கைக்கு எது ஒலிக்க வேண்டும் என்பதைவிட எது ஒலிக்கக் கூடாது என்பதுதான் பெரிய வேலை. இதற்கு ஒரு மாதம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெட்ரனோமை நிமிஷத்துக்கு 40-ல் வைத்து ஆரம்பித்தேன். இரண்டு தாளக் கட்டம், எட்டு எண்ணிக்கை, பன்னிரண்டு விநாடி ஆகும். 60-க்கு வந்தபோது எட்டு விநாடி. அதற்கு மேல் போகவே இல்லை, போகவும் தேவையில்லை. வேகமாக வாசித்தால் சுருதிப் பிசகு ஓடி ஒளிந்துகொள்ளும். மெதுவாக வாசித்தால் அதற்கு ஒளிய இடமில்லை.

கடைசி இரண்டு மாதம் கற்றது சுரம் அல்ல, சும்மா இருப்பது. பன்னிரண்டு கட்டத்தில் குரல் வருகிற இடத்தில் கையை அடக்கி வைத்திருந்து, தன் முறை வரும்போது மட்டும் பதில் சொல்லி, மறுபடி அடங்குவது. ஆல்பர்ட் கிங்கின் இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெரிய மனிதர் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று ஆச்சரியமாக இருக்கும். கேள்வியை முழுக்கக் கேட்ட பிறகுதான் பதில் சொல்வார். நம் மீட்டிங்குகளில் இந்தப் பழக்கம் வந்தால் எத்தனையோ மணி நேரம் மிச்சமாகும்.

காந்தாரத்தின் இடம்

நான் முதலில் சொன்னேனே, முதல் தந்தியில் காந்தாரத்தை "ஒரு முடி அளவு" ஏற்ற வேண்டும் என்று? சாதாரண காந்தாரம் 523 ஹெர்ட்ஸ், அந்தர காந்தாரம் 554. ப்ளூஸ்காரர்களின் காந்தாரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஊசலாடுகிறது. அதற்கு ஃபிரெட் கிடையாது. டியூனர் அதைத் தப்பு என்று காட்டும். கேட்கிற நெஞ்சு சரி என்று சொல்லும். பருத்திக் காட்டில் பாடியவர்களின் குரல் அங்கேதான் நின்றது. அந்தக் குரலை வெள்ளைக்காரர்களின் வாத்தியத்தில் கொண்டுவர ஒரு வழி தந்தியை வளைப்பது. ஒரு சமூகத்தின் நினைவு இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் இருக்கிறது என்பது எனக்கு ஏழாவது மாதத்தில்தான் விரல் வழியாகப் புரிந்தது.

மாணவர்களுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே, உங்களிடம் மூன்று விஷயம் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

முதலாவது, காதைக் காப்பாற்றுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்றின் வரையறை. அதன்படி, 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிஷம்தான். உங்கள் கல்ச்சுரல்ஸ் மேடை ஸ்பீக்கருக்கு முன்னால் இதைவிடச் சத்தம் இருக்கும். தன் காது போய்க்கொண்டிருக்கிறது, ஓயாத இரைச்சல் கேட்கிறது என்று எரிக் கிளாப்டனே 2018-ல் வெளிப்படையாகச் சொன்னார். வொர்க்ஷாப்பில் கால் நசுங்கினால் எல்லோருக்கும் தெரியும். காது நசுங்கினால் உங்களுக்கே தெரியாது. இயர் பிளக்கைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், காதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எதைச் செய்யப்போகிறீர்களோ அது முடிந்தால் எப்படி இருக்கும் என்பதை முதலில் மனசுக்குள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மீட்டுவதற்கு முன்னாலேயே சுரம் உள்ளே கேட்க வேண்டும். எங்கள் ஷாப்பில் புதிதாக வருகிற பயிற்சியாளர்களிடம், மெஷினைத் தொடுவதற்கு முன், நன்றாக ஓடுகிற மெஷினின் சத்தத்தை ஐந்து நிமிஷம் கேட்கச் சொல்கிறேன், காதுக் கவசத்தோடுதான். நல்ல சத்தம் தெரிந்தவனுக்குத்தான் கெட்ட சத்தம் தெரியும்.

மூன்றாவது, மார்க்குக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சரியாகச் செய்யும்வரை விடாமல் இருந்து பாருங்கள். எட்டு விநாடி விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

போன மாதம் மறுபடி காது சோதனை செய்தார்கள். பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் அகலமாகவில்லை. அதற்குக் காரணம் கிட்டார் அல்ல, நான் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிற காதுக் கவசம். கிட்டார் வேறொன்று செய்திருக்கிறது. மகள் பேசும்போது நான் இப்போது டி.வி.யை நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்து, முழுசாகக் கேட்கிறேன். அவள் முடித்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.

இவ்வளவு நேரம் நீங்களும் அப்படியே கேட்டீர்கள்.